உள்வீட்டு விவகாரம்

பொண்டாட்டியை அடிக்கிறவன், தடுக்க வருகிறவர்களிடம் "இது எங்க குடும்ப விஷயம், நீ யாரு கேக்க?" என்றுதான் சொல்வான். அடி வாங்குகிறவள் வாயிலிருந்து அதே பேச்சு வந்தால், அது பயத்தில் வந்த பேச்சு. அரசுகளும் இப்படித்தான் பேசுகின்றன. அதற்கு அவை வைத்திருக்கும் பெயர் இறையாண்மை. கேள்வி இதுதான்: ஒரு நாட்டின் சுதந்திரம் என்பது அந்த நாட்டுக்குள் ஒடுக்குகிறவனின் சுதந்திரமா?

1946-இல் தென்னாப்பிரிக்க வெள்ளை அரசு, இந்தியர்கள் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று கோடு கிழித்துச் சட்டம் போட்டது. இன்னும் விடுதலைகூட அடையாத இந்தியா அதை ஐ.நா. சபைக்குக் கொண்டுபோனது. "இது எங்கள் உள்நாட்டு விவகாரம்" என்றது தென்னாப்பிரிக்கா. விஜயலட்சுமி பண்டிட் தலைமையில் போன இந்தியக் குழு விடவில்லை. டிசம்பரில் 32-க்கு 15 என்ற வாக்கில் தீர்மானம் நிறைவேறியது. நியாயமான காரியம், மறுப்பதற்கில்லை.

ஆனால் அந்த இந்தியர்கள் யார்? 1860 முதல் சென்னையிலும் கல்கத்தாவிலும் கப்பலேறி, நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களின் வாரிசுகள்தான் அதில் பெரும்பகுதி. நம்ம சேரி ஜனங்களும் அதில் உண்டு. கடல் தாண்டியவனுக்குக் கோடு கிழித்தால் அது உலகக் குற்றம். தாண்டாமல் இங்கேயே கிடந்தவனுக்கு ஊரே கோடு கிழித்து வைத்திருந்ததே, அது என்ன?

அதே 1946-இல் அம்பேத்கர், அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் நகலைக் கேட்டார். தீண்டப்படாதோரும் அந்த வழியில் போவதைப் பற்றி யோசிப்பதாகச் சொன்னார்.

2001-இல் இனவெறிக்கு எதிரான ஐ.நா. மாநாடு டர்பனில் நடந்தது. கூலிக்கப்பல்கள் போய்ச் சேர்ந்த அதே துறைமுகம். தலித்துகள் அங்கே போய்ச் சாதியைப் பற்றிப் பேசினார்கள். இந்திய அரசு என்ன சொன்னது? சாதி வேறு, இனம் வேறு. இதை இங்கே பேசக்கூடாது என்றது. மாநாட்டுப் பிரகடனத்தில் சாதி என்ற சொல்லே வரவில்லை.

சாதி இனம் அல்ல என்பது சரிதான். அம்பேத்கரே 1936-இல் அதை எழுதிவிட்டார். ஆனால் 1965-இன் இனப்பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கையில் 'வம்சாவளி' என்ற சொல்லும் இருக்கிறது. அதைச் சேர்க்கச் சொன்னதே இந்தியாதான். அந்தச் சொல் சாதியையும் குறிக்கும் என்று உடன்படிக்கையின் குழு 2002-இல் தெளிவாக்கியது.

வல்லரசுகள் மனித உரிமையைத் தடியாக்கி ஏழை நாடுகளை மிரட்டுகின்றன, அந்தத் தடியை நாமே எடுத்துக் கொடுக்கலாமா என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கு. ஐ.நா. வந்து நம்மைக் காப்பாத்தும்னு யாரும் நம்பலை. 1946 தீர்மானத்தால் நிறவெறி ஒழியவில்லை. கறுப்பின மக்கள் ரத்தம் சிந்திப் போராடி, 1994-இல்தான் எல்லோருக்கும் வாக்குரிமை வந்தது. போராட்டம் இங்கேதான். ஆனால் அதற்குச் சாட்சி வேணும். சாட்சி இல்லாத இடத்தில்தான் அடிக்கிறவன் கை நீளும்.

கோயிலுக்குள் வராதே, குளத்தில் இறங்காதே என்கிறபோது நாம் ஊருக்கு வெளியே. வெளியே போய் முறையிட்டால் மட்டும் நாம் 'உள்நாட்டு' விவகாரம். உள்ளே சேர்க்காதவனுக்கு, வெளியே பேசாதே என்று சொல்ல என்ன உரிமை? இதற்குப் பதில் வரட்டும். நாட்டின் மானத்தை அப்புறம் பேசலாம்.