நன்மை தருவதெல்லாம் உண்மையாகுமா?

பூம்புகாரைக் கடல் கொண்டதற்கு மணிமேகலைக் காப்பியம் ஒரு காரணம் கூறுகிறது. மகனை இழந்த துயரத்தில் சோழ மன்னன் இந்திர விழா எடுக்க மறந்தான். அதனால் தெய்வ சாபத்திற்கு ஆளாகி நகரம் அழிந்தது என்பது அக்கதை. விழா தவறாமல் நடைபெற வேண்டுமானால் இதைவிடப் பயனுள்ள நம்பிக்கை வேறு இராது. ஆனால் பயனுள்ளது என்பதும் உண்மையானது என்பதும் ஒன்றுதானா?

இது பழங்கதை மட்டுமன்று. 2004 டிசம்பர் 26 ஞாயிறன்று அதே கரையில் ஆழிப்பேரலை ஏறியது. பூம்புகார் அப்போது சேர்ந்திருந்த நாகை மாவட்டத்தில் மட்டும் 6 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சுமத்ரா அருகே கடலடியில் ஏற்பட்ட பூகம்பம்தான் அலையை எழுப்பியது. ஆனால் இலங்கையின் களுத்துறைக் கரையை விண்ணிலிருந்து எடுத்த படமொன்று முஸ்லிம்களிடையே பரவியது. பின்வாங்கும் அலையின் சுழிப்பில் அரபியில் ‘அல்லாஹ்’ என்று எழுதியிருக்கிறது, இது பாவிகளுக்கு இறங்கிய தண்டனை என்றார்கள். நுரையில் தேடினால் எந்த எழுத்துத்தான் கிடைக்காது என்று கேட்டால், “இருக்கட்டுமே, இதைப் பார்த்து நாலு பேர் தொழ வந்தால் நல்லதுதானே” என்பார்கள்.

இந்தப் பதிலைத்தான் ஆராய வேண்டும்.

ஹிஜ்ரி 10-ல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அருமைப் பாலகர் இப்ராஹீம் (ரலி) மறைந்த அன்று சூரிய கிரகணம் பிடித்தது. இப்ராஹீமின் மறைவுக்காகவே சூரியன் மங்கியது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். துயருற்றிருந்த தந்தை வாய்மூடி இருந்தாலே போதும். எத்தனையோ பேருடைய ஈமான் அன்று வலுத்திருக்கும், முனாஃபிக்குகளின் வாயும் அடைபட்டிருக்கும். பெருமானார் (ஸல்) அவர்கள் சும்மா இருக்கவில்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் அவற்றைக் கிரகணம் பிடிப்பதில்லை என்று மக்கள் முன் எடுத்துரைத்தார்கள். கிரகணத்தைக் கண்டால் தொழுது துஆச் செய்யுமாறும் ஏவினார்கள். தொழுகையை விடவில்லை, அதற்குச் சொல்லப்பட்ட பொய்யான காரணத்தை மட்டும் அகற்றினார்கள்.

ஹதீஸ் கலை அறிஞர்கள் நூஹ் இப்னு அபீ மர்யம் என்பவரைக் குறிப்பிடுவார்கள். ஒவ்வொரு சூராவுக்கும் சிறப்புகளைக் கற்பித்து ஹதீஸாகப் பரப்பியவர் அவர். ஏன் என்று கேட்டதற்கு, மக்கள் குர்ஆனை விட்டுவிட்டு அபூஹனீஃபாவின் ஃபிக்ஹிலும் இப்னு இஸ்ஹாக்கின் போர் வரலாற்றிலும் மூழ்கிவிட்டதைக் கண்டு நன்மை நாடியே செய்தேன் என்றாராம். நோக்கம் நல்லது என்பதற்காக ஹதீஸ் கலை இமாம்கள் அவரை ஏற்கவில்லை. தம் மீது வேண்டுமென்றே பொய்யுரைப்பவருக்கு நரகம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததில் நல்ல பொய்க்கு விலக்கு ஏது?

இன்னொன்றும் உண்டு. நன்மை வந்தால் அமைதியுற்று, சோதனை வந்தால் முகம் திருப்பிக்கொள்கிறவனை, ஓரத்தில் நின்று வணங்குபவன் என்று திருமறை (22:11) காட்டுகிறது. பலனைப் பார்த்து நம்புகிறவன் பலன் மாறும்போது வேறு என்ன செய்வான்? படத்தைப் பார்த்துத் தொழ வந்த பிள்ளை, நாளை அது வெறும் நுரை என்று அறியும்போது படத்தை மட்டும் கைவிடுவான் என்று யார் உறுதி கூறுவார்?

பேரலையை அல்லாஹ் எதற்காக அனுப்பினான் என்பது மறைவான செய்தி. வஹீயின்றி அதைச் சொல்லும் உரிமை நமக்கில்லை. அன்று மிக அதிகமாக மாண்டவர்கள் ஆச்சே முஸ்லிம்கள். நீரில் மூழ்கி இறந்தவர் ஷஹீத் என்ற ஹதீஸ், அந்தப் படத்தைப் பரப்பியவர்களுக்கு ஏனோ நினைவு வரவில்லை.

அப்படியானால் பின்விளைவுக்கு இடமே இல்லையா? உண்டு. தீயவன் ஒருவன் செய்தி கொண்டுவந்தால், அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்தாதிருக்க அதைத் தீர விசாரிக்குமாறு திருமறை (49:6) கட்டளையிடுகிறது. விளைவு இங்கே செய்தி மெய்யா பொய்யா என்று தீர்ப்புச் சொல்லவில்லை. எவ்வளவு கவனமாக விசாரிக்க வேண்டும் என்பதை உணர்த்துகிறது. பூம்புகார் வணிகன் கோவலனின் கதை நாமறிந்ததே. பொற்கொல்லன் சொன்னான், பாண்டியன் நம்பினான். பரல் முத்தா மாணிக்கமா என்று சிலம்பை உடைத்துப் பார்த்தது கோவலன் வெட்டுண்ட பிறகுதான்.