தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் நடுவே

1

திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமங்களில் கல்யாணத்துக்கு அழைப்பில்லாமல் போவது மரியாதைக் குறைவு. கேத வீட்டுக்குப் போக அழைப்பை எதிர்பார்ப்பது அதைவிடப் பெரிய மரியாதைக் குறைவு. கல்யாணம் என்றால் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வீடு தேடி வர வேண்டும். சாவுச் செய்தி காதில் விழுந்தாலே போதும், தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட வேண்டியதுதான். பேச்சுவார்த்தை நின்றுபோன பங்காளியும் அன்றைக்கு வந்து வேப்பமரத்தடியில் நிற்பார். யாரும் அவரை வா என்று கூப்பிட மாட்டார்கள். போ என்றும் சொல்ல மாட்டார்கள்.

நம் சந்தோஷத்துக்கு யார் யார் வர வேண்டும் என்று நாம் பட்டியல் போடுகிறோம். துக்கத்தில் அந்தப் பட்டியலை ஊர் கையில் எடுத்துக்கொள்கிறது. ஒருவனுக்கு இரண்டு கூட்டமும் வேண்டியிருக்கிறது. தான் தேர்ந்தெடுத்த கூட்டத்தோடு மட்டும் வாழ்ந்து முடித்தவன், தன்னைக் கேட்காமலே வந்து நிற்பவர்கள் யார் என்று தெரிந்துகொள்ளாமலே போய்விடுவான்.

2

தாலாட்டும் ஒப்பாரியும் பெண்கள் கட்டிய பாட்டுகள். நா. வானமாமலை தொகுத்த நாட்டுப் பாடல்களில் இரண்டும் இருக்கின்றன. அவற்றை அடுத்தடுத்துப் படித்தால் ஒரு வீட்டு மனிதர்களே இரண்டிலும் நடமாடுவது போலத் தோன்றும். தாலாட்டில் தாய்மாமன் பொன்னும் வெள்ளியும் சுமந்து வருகிறான். ஒப்பாரியில் பிறந்த வீட்டுப் பெருமை வருகிறது. சீரும் கோடியும் வருகின்றன. இரண்டிலும் தங்கத்துக்குப் பஞ்சமில்லை. பாடுகிறவள் வீட்டிலோ உத்திரத்தில் கட்டிய பழைய சேலைதான் தொட்டில்.

தாலாட்டு சந்தோஷப் பாட்டு என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் குழப்பம் வரும். பிள்ளை இல்லாமல் கோயில் கோயிலாக அலைந்த வருஷங்கள் அதில் வரும். சீர் கொண்டுவராத அண்ணன் மேல் உள்ள வருத்தம் வரும். நாத்தனார் சொன்ன சொல் வரும். கேட்கிற பிள்ளைக்கு ஒன்றும் புரியாது என்பதால் எதையும் சொல்லலாம். ஒப்பாரியிலோ கல்யாணத்தன்று புருஷன் குதிரையில் வந்த அழகு வரும், திருவிழாவில் வாங்கித் தந்த வளையல் வரும், அவர் நடந்தால் தெரு திரும்பிப் பார்த்தது வரும். தாலாட்டில் துக்கமும் ஒப்பாரியில் சந்தோஷமும் இப்படித் தங்கி இருக்கின்றன. ராகத்திலும் பெரிய தூரமில்லை. அடுத்த தெருவிலிருந்து கேட்டால் எந்த வீட்டில் என்ன விசேஷம் என்று சட்டெனச் சொல்ல முடியாது.

3

எங்கள் தெருவில் ஓர் ஆச்சி இருந்தாள். தொட்டிலுக்குப் பாட அவளைத்தான் கூப்பிடுவார்கள். கேத வீட்டிலும் அவள் வந்தால்தான் அழுகை ஒழுங்குக்கு வரும். படி ஏறும்போதே முந்தானையை எடுத்து வாயில் பொத்திக்கொள்வாள். வட்டமாக உட்கார்ந்திருக்கும் பெண்கள் நகர்ந்து இடம் விடுவார்கள். இரண்டு பக்கமும் தோளில் கை போட்டு, தலையோடு தலை சாய்த்து, முதலில் சொல்லே இல்லாத ஓர் இழுவை. அப்புறம்தான் சொல்.

போனவர் ராத்திரி கடை அடைத்துவிட்டு வரும்போது அல்வாப் பொட்டலம் வாங்கி வந்ததை, அந்த நெய்க்கறை வேட்டி மடிப்பில் படிந்திருந்ததை, மழைக்காலத்தில் செருப்பைச் சுவரோரம் சாய்த்து வைத்ததை, முற்றத்தில் நின்று தொண்டையைச் செருமிவிட்டு உள்ளே நுழைந்ததை ஒவ்வொன்றாக அடுக்குவாள். கட்டிய பெண்டாட்டியே கவனிக்காமல் விட்டவை அவை. கேட்டதும் அவள் உடைந்துபோவாள். பாதியில் பாட்டு தடம் மாறும். ஆச்சி எப்போதோ போய்ச் சேர்ந்த தன் மகனை அழைக்கத் தொடங்குவாள். பக்கத்தில் இருப்பவள் தன் அம்மாவை அழைப்பாள். இதை யாரும் தப்பென்று சொன்னதில்லை. ஒரு சாவுக்கு வந்தவர்கள் அவரவர் சாவுகளையும் அங்கேயே அழுது முடித்துப் போவார்கள்.

எல்லாம் ஓய்ந்ததும் ஆச்சி மூக்கைச் சிந்தி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, “பிள்ளைய காப்பி குடிச்சுதாட்டீ?” என்பாள். கேத வீட்டில் அன்று அடுப்பு மூட்டுவதில்லை. பக்கத்து வீட்டுத் தூக்குவாளியில் காப்பி வந்திருக்கும்.

4

அல்வாப் பொட்டலம் வந்துகொண்டிருந்த நாட்களில் யாரும் அதைப் பார்க்கவில்லை; தின்றார்கள். அதுதான் சரியும்கூட. சந்தோஷத்தில் இருப்பவன் அதைக் குறித்துவைத்துக்கொண்டிருக்க மாட்டான்.

மனம் வாடியிருக்கும்போது மனிதர்கள் சுற்றியுள்ளதைக் கூடுதலாகக் கவனிக்கிறார்களா என்று ஜோசப் ஃபோர்காஸ் என்ற உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் சிட்னியில் ஒரு சின்னக் கடையில் சோதித்துப் பார்த்தார்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் பொம்மைகள் போன்ற சில்லறைச் சாமான்களைப் பரப்பிவைத்துவிட்டு, கடையை விட்டு வெளியே வந்தவர்களிடம் என்னென்ன பார்த்தீர்கள் என்று விசாரித்தார்கள். மழை மூட்டமான நாட்களில் வந்தவர்களுக்கு, வெயில் அடித்த நாட்களில் வந்தவர்களைவிட அதிகப் பொருட்கள் நினைவில் இருந்தன. ஆய்வு 2009-இல் வெளிவந்தது.

அதற்கு முன்பே, 1998-இல், பார்பரா ஃபிரெட்ரிக்ஸன் என்ற இன்னோர் உளவியலாளர் மறுபக்கத்தை எழுதியிருந்தார். பயம் வந்தால் ஓடத் தோன்றும், கோபம் வந்தால் அடிக்கத் தோன்றும். மகிழ்ச்சி அப்படி ஒரே வேலையில் நம்மைத் தள்ளுவதில்லை. விளையாடவும் புதியதைத் தேடவும் மனிதர்களோடு பழகவும் விடுகிறது. அப்படி விளையாட்டாகச் சேர்ந்த நட்பும் பழக்கமும் திறமையும் பின்னால் கஷ்டகாலத்துக்குக் கைகொடுக்கின்றன என்பது அவர் வாதம்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஆச்சியின் பாட்டு புரிகிறது. சந்தோஷம் பார்க்காமலே சேர்க்கிறது. சேர்த்தது என்னென்ன என்று துக்கம் எடுத்துப் பார்க்கிறது. முன்னது இல்லாதவனுக்கு எடுத்துப் பார்க்க ஒன்றும் இருக்காது. பின்னது இல்லாதவனுக்குத் தன்னிடம் என்ன இருந்தது என்றே தெரியாது.

5

ஓயாமல் புலம்புகிறவனை ‘முகாரி பாடுகிறான்’ என்று கேலி செய்கிறோம். முகாரி என்றாலே அழுகை என்று சினிமாவும் பேச்சும் பழக்கிவைத்திருக்கின்றன. ஆனால் தியாகராஜர் சபரியின் பாக்கியத்தை வியந்து பாடிய ‘எந்தனினே’ கீர்த்தனை முகாரியில்தான் அமைந்திருக்கிறது. காட்டில் காத்திருந்த கிழவியின் முன்னால் ராமன் வந்து நின்று அவள் கொடுத்த கனியை உண்டான். அவளுக்குக் கிடைத்ததைச் சொல்லி மாளாது என்று வியக்கும் பாட்டுக்கு எத்தனையோ களிப்பான ராகங்கள் இருந்தன. அவர் எடுத்தது இதை.

முகாரி ஏறும்போது சதுஸ்ருதி தைவதத்தைத் தொடுகிறது, இறங்கும்போது சுத்த தைவதத்தை. போகிற வழியில் ஒரு தைவதம், திரும்புகிற வழியில் அதைவிடச் சற்றுத் தாழ்ந்த இன்னொன்று. கச்சேரியில் நல்ல பாடகர் மேல் ஷட்ஜத்திலிருந்து இறங்கி அந்தச் சுத்த தைவதத்தில் கொஞ்சம் அசைந்து நிற்கும்போது, இது அழுகையா நிறைவா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரிவதில்லை. சபரிக்கும் தெரிந்திருக்காது என்றே தோன்றுகிறது. நெடுநாள் காத்திருந்து வந்த சந்தோஷத்தில் காத்திருந்த நாட்களும் கலந்துதான் இருக்கும். அவற்றை வடிகட்டி எடுத்துவிட்டால் அது சாதாரண விருந்தாளி வருகை ஆகிவிடும்.

6

சங்கத்தார் காதலை ஐந்து நிலங்களில் வைத்தார்கள். கூடல் குறிஞ்சிக்கு. மற்ற நான்கில் முல்லைக்குக் காத்திருப்பு, மருதத்துக்கு ஊடல், நெய்தலுக்கு இரங்கல், பாலைக்குப் பிரிவு. ஐந்தில் நான்கு, ஏதோ ஒரு வகையில், தலைவன் பக்கத்தில் இல்லாததைப் பற்றியோ மனம் ஒட்டாமல் நிற்பதைப் பற்றியோ பேசுகின்றன. கூடி இருப்பவர்களுக்குப் பாட்டு அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை போலும். நாங்கள் நன்றாக இருக்கிறோம் என்று ஒரு வரிக் கடிதம் போதும். தூரத்தில் இருப்பவனுக்குத்தான் நாலு பக்கம் எழுத வேண்டியிருக்கிறது.

7

துன்பம் வரும்போது சிரிக்கச் சொன்னவர் வள்ளுவர். கேட்க நன்றாக இருக்கிறது, பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் போய் இதைச் சொல்ல முடியுமா என்ற கேள்வி எனக்கு நெடுநாள் இருந்தது. அந்தக் குறள் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் பதில் கிடைக்கிறது. பொருட்பாலில், ஆள்வினையுடைமைக்கு அடுத்த அதிகாரமான இடுக்கண் அழியாமையில் இருக்கிறது. எடுத்த காரியத்தில் தடை வந்தால் சிரி, அசராதே என்கிற இடம் அது. ஆளைப் பிரிந்த துக்கத்துக்கு அவர் காமத்துப்பாலில் இடம் வைத்திருக்கிறார். படர்மெலிந்திரங்கல், கண்விதுப்பழிதல் என்று அதிகாரம் அதிகாரமாக அழவிடுகிறார். அங்கே எவரையும் சிரிக்கச் சொல்லவில்லை. 1330 குறளும் முடிகிற கடைசி அதிகாரத்துக்கோ ஊடலுவகை என்று பெயர். பிணக்கத்துக்குள் இருக்கும் மகிழ்ச்சியோடு நூல் நிறைகிறது.

எல்லாத் துன்பத்துக்கும் ஒரே மருந்து எழுதிக்கொடுக்கிறவர்களிடம் எனக்கு இப்போது நம்பிக்கை குறைந்துவிட்டது.

8

துக்கத்துக்கு மதிப்பு உண்டு என்று எழுதும்போது ஓர் எச்சரிக்கை வேண்டியிருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. நகையில் தொடங்கி உவகையில் முடிகிறது. அழுகை இரண்டாவதாக நிற்கிறது. அழுகை பிறக்கும் இடங்கள் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்வதால் வருவது ஒன்று. இழப்பதால் வருவது ஒன்று. முன்பிருந்த நிலை தாழ்ந்துபோவதால் ஒன்று. இல்லாமையால் ஒன்று.

இதில் இழவு ஒருவரையும் விடாது. அன்பு வைத்தவர்கள் எல்லோரும் கொடுக்க வேண்டிய விலை அது. அதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. இளிவும் வறுமையும் அப்படியில்லை. அவை மனிதர் மனிதருக்குச் செய்வது. சாதியின் பேரால் தெருவில் செருப்பைக் கழற்றச் சொல்லப்பட்டவனின் துக்கத்தையும் ரேஷன் அரிசி தீர்ந்துபோன வீட்டின் துக்கத்தையும் ‘பக்குவப்படுத்தும் அனுபவம்’ என்று புகழ எவருக்கும் உரிமை கிடையாது. அவை போக்கப்பட வேண்டியவை. தாலி அறுத்தவளைச் சபையிலிருந்து ஒதுக்கும் ஊரைப் பார்த்து, ஒப்பாரியிலேயே பெண்கள் நியாயம் கேட்டிருக்கிறார்கள். கணவனுக்கு அழுகிற சாக்கில் கொழுந்தனுக்கும் அண்ணனுக்கும் ஊருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு நாள் அவர்கள் வாயை யாரும் மூட முடியாது.

வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பற்றுப் போகிற மனச்சோர்வும் வேறு கதை. அது நோய். அதற்கு மருத்துவரிடம் போக வேண்டும். தத்துவத்திடம் போகக் கூடாது.

9

பேரன் பேத்தி எடுத்து, கொள்ளுப்பேரனையும் பார்த்துவிட்டுப் போகிறவருக்கு நடப்பது கல்யாணச் சாவு. பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்க, வேட்டும் மேளமுமாக ஊர்வலம் போகும். முந்தின ராத்திரி பந்தலில் விழித்திருக்கும் ஆண்கள் அவருடைய கஞ்சத்தனத்தையும் குறட்டையையும் சொல்லிச் சிரிப்பார்கள். உள்ளே அழுகை, வெளியே சிரிப்பு, நடுவில் ஒரு திண்ணை. அந்தத் திண்ணையில் உட்கார்ந்தால் இரண்டும் காதில் விழும். அழுகிறவர்களுக்கு அந்தச் சிரிப்பு உறுத்துவதில்லை. இரண்டு இடத்திலும் ஒரே ஆளைப் பற்றித்தான் பேச்சு நடக்கிறது.

10

கடைசியாக ஒன்று பிடிபட மறுக்கிறது. ஒருவனைப் பற்றி அவ்வளவு அழகாகச் சொல்லத் தெரிந்த வீடுகள், அவன் உயிரோடு இருக்கும்போது ஏன் வாய் திறப்பதில்லை?

கண்ணுபட்டுவிடும் என்ற பயம் ஒரு காரணம். பிள்ளை அழகாக இருக்கிறது என்று சொன்னவுடனே கன்னத்தில் மைப்பொட்டு வைக்கிற ஊர் நம்முடையது. வியாபாரம் எப்படி என்று கேட்டால் ‘ஏதோ ஓடுது’ என்போம். கடை நிறைய ஆள் நிற்கும். சந்தோஷத்தைச் சொன்னால் அது போய்விடும் என்று நம்புகிறோம். அதனால் புகழ்ச்சிக்கு வாழ்க்கையில் இரண்டே இடம்தான் ஒதுக்கியிருக்கிறோம். தொட்டிலில் கிடக்கும்போது ஒருமுறை. அப்போது அவனுக்குப் புரியாது. நடுவீட்டில் கிடத்தியிருக்கும்போது ஒருமுறை. அப்போது அவனுக்குக் கேட்காது. இரண்டுக்கும் நடுவே உள்ள அறுபது எழுபது வருஷம் ‘என்ன, சாப்பிட்டாச்சா?’ என்பதோடு கழிந்துவிடுகிறது. அந்தக் கேள்விக்குள் அன்பு இருக்கிறது என்பது உண்மை. ஆனாலும் அது அல்வாப் பொட்டலத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

துக்கத்திடமிருந்து கடன் வாங்க வேண்டியது அதன் கண்ணை மட்டும்தான். நல்ல நாளிலேயே அதை வாங்கிக்கொண்டு, எதிரில் இருப்பவரின் செருமலையும் நடையையும் ஒருமுறை பார்த்து, பார்த்ததை அவரிடமே சொல்லிவிடலாம். கண்ணுபட்டால் படட்டும், உப்பும் மிளகாயும் சுற்றிப்போட நம் வீடுகளில் ஆளுக்கா பஞ்சம்?