இரண்டு இரவு விருந்தாளியின் சாட்சியம்

விமானிகளுக்கு ஒரு நாடு காட்டும் முகம் மிகச் சிறியது. பத்துப் பன்னிரண்டு மணிநேரம் பறந்து இறங்குவார்கள். விதித்த ஓய்வுநேரம் முடியும்வரை ஒரு ஹொட்டேல் அறை, பக்கத்தில் ஓர் உணவகம், களைப்பில்லாவிட்டால் ஒரு நடை. பிறகு புறப்பட்டுவிடுவார்கள். வீட்டுக்கு வந்ததும் யாராவது கேட்பார்கள்: “அந்த நாடு எப்படி?” “நல்ல சனங்கள்” என்று பதில் வரும். இந்த மூன்று எழுத்து ‘நல்ல’வுக்கு என்ன பெறுமதி?

கணினித்துறை ஆலோசகனாக என் பிழைப்பும் ஏறக்குறைய அப்படித்தான். திங்கள் விடிய பியர்சன் விமான நிலையம், வியாழன் இரவு வீடு. போன நகரங்களில் எனக்குத் தெரிந்தது வரவேற்பு மேசையும் வாடகைக்கார் சாரதியும்தான். ஆகவே இந்தக் கேள்வி எனக்கு வெறும் தத்துவக் கேள்வி அல்ல. கொஞ்ச நேரம் தங்கிய ஒருவர் ஒரு நாட்டைப் பற்றிச் சாட்சி சொல்லலாமா? சொன்னால் எதற்குச் சாட்சி?

கனடாவில் இதற்கு ஒரு பெயர்பெற்ற சாட்சி உண்டு. பெவர்லி பாஸ், அமெரிக்கன் எயர்லைன்ஸ் நிறுவனத்தின் முதல் பெண் கப்டன். 2001 செப்டெம்பர் 11 அன்று பாரிஸிலிருந்து டலஸுக்குப் பறந்துகொண்டிருந்தவரை, அமெரிக்க வான்வெளி மூடப்பட்டதும் நியூபவுண்ட்லாந்தில் உள்ள கான்டரில் இறங்கச் சொன்னார்கள். அந்தக் காலத்தில் அத்திலாந்திக்கைக் கடந்த விமானங்கள் எரிபொருள் நிரப்பிய இடம் என்பதால் சின்ன ஊருக்குப் பெரிய ஓடுபாதை. அன்று அங்கே 38 பயணிகள் விமானங்கள் இறங்கின. பாஸின் விமானம் 36ஆவது. பத்தாயிரம் பேர் அளவில் வாழ்ந்த ஊருக்கு ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட விருந்தாளிகள். வேலைநிறுத்தத்தில் இருந்த பாடசாலை பஸ் சாரதிகள் அதை நிறுத்திவைத்துவிட்டு வந்தார்கள். பனிச்சறுக்கு அரங்கு குளிர்சாதனப் பெட்டியானது. பாடசாலைகளும் தேவாலயங்களும் வீடுகளும் திறந்தன.

ரொறன்ரோவைச் சேர்ந்த ஐரீன் சாங்கோஃப், டேவிட் ஹைன் தம்பதியர் 2011இல் அங்கே போய்ப் பலரிடமும் கேட்டு எழுதியதுதான் ‘கம் ஃபுரொம் அவே’ இசைநாடகம். 2016இல் இங்குள்ள ரோயல் அலெக்ஸாண்ட்ரா அரங்கில் மேடையேறி, அடுத்த ஆண்டு பிராட்வேக்குப் போனது. பாஸ் அதில் ஒரு பாத்திரம். நாடகத்தின் தலைப்பை ஒரு கணம் கவனியுங்கள். ‘வெளியிலிருந்து வந்தவர்’ என்று பொருள்படும் அந்தச் சொல், நியூபவுண்ட்லாந்தில் விருந்தாளிக்கு மட்டும் உரியதல்ல. அங்கே வந்து முப்பது வருடம் வாழ்ந்தவரையும் அப்படித்தான் சொல்வார்கள். விருந்தாளியை வாரி அணைத்த அதே ஊர், குடியேறியவரை இன்னும் வெளியாள் என்று அழைக்கிறது. சொல்லில் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் நம் கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

போகப்போகிறவருக்குக் கருணை காட்டுவது சுலபம் என்று ஒருவர் வாதாடலாம். ‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்று நம்மவர் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். விருந்து என்ற சொல்லுக்கே பழந்தமிழில் புதுமை என்றுதான் பொருள். புதுமை பழகிவிட்டால் விருந்தும் முடிந்தது. குறளின் விருந்தோம்பல் அதிகாரத்தில் வரும் விருந்தாளியும் வந்துபோகிறவர்தான். இமானுவேல் கான்ட் 1795இல் எழுதிய ‘நிரந்தர அமைதி’யில் இதையே சட்டத்தின் மொழியில் பிரித்தார். அந்நியருக்கு வந்துபோகும் உரிமை உண்டு, விருந்தாளியாகத் தங்கியிருக்கும் உரிமை தனி ஒப்பந்தம் இருந்தால்தான் என்றார். ஆனால் ஒரு நிபந்தனையும் வைத்தார்: திருப்பி அனுப்பினால் அவர் அழிந்துபோவார் எனில் அனுப்பக்கூடாது.

அந்த நிபந்தனைக்கு உரியவர்களாக அதே தீவின் கரைக்கு நம்மவர்கள் வந்தார்கள். 1986 ஓகஸ்டில், நியூபவுண்ட்லாந்தின் தென்கரைக்கு அப்பால் மூடுபனியில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் மிதந்துகொண்டிருந்தார்கள். கஸ் டால்டன் என்ற மீன்பிடிக் கப்டன் கண்டார், மற்றப் படகுகளையும் அழைத்தார், எல்லோரையும் ஏற்றினார். கனடாவைப் பற்றி அந்த 155 பேரின் முதல் அறிவு ஒரு மீனவரின் கை. பதினைந்து ஆண்டுக்குப் பின் பாஸ் கண்ட தீவும் இதுதான், ஒருவேளை அதே குணமும்தான். ஆனால் நம்மவர் போகப்போகிறவர்கள் அல்ல.

ஆகவே கதை வேறு திசையில் போனது. இந்தியாவிலிருந்து வந்ததாக முதலில் சொன்னார்கள்; உண்மையில் மேற்கு ஜேர்மனியிலிருந்து கப்பலேறியது பிறகு தெரியவந்தது. பரிதாபப்பட்ட நாட்டில் கோபக் குரல்களும் எழுந்தன. ஆனாலும் அவர்கள் தங்க அனுமதிக்கப்பட்டார்கள். 2010இல் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரைக்கு ‘சன் சீ’ கப்பலில் 492 தமிழர் வந்தபோது காத்திருந்தது தடுப்புக்காவல். அதைத் தொடர்ந்து 2012இல் சட்டமும் கடுமையானது. நாடு ஒன்றுதான். வந்தவர்கள் ஒரே இனத்தார்தான். முதல் நாளின் முகம் மட்டும் வேறு.

அப்படியானால் கான்டரின் கருணை மலிவானது என்று முடித்துவிடலாமா? நான் அப்படி நினைக்கவில்லை. அந்த விமானங்கள் இறங்கியபோது எப்போது திரும்பும் என்று ஒருவருக்கும் தெரியாது. எந்த விமானத்துக்குள் என்ன இருக்கிறது என்பதும் தெரியாது. அதனால்தான் பாஸின் பயணிகள் அன்றிரவை விமானத்துக்குள்ளேயே கழிக்க நேர்ந்தது. அந்தப் பயத்தோடுதான் ஊர் சமைத்தது. டால்டனும் ‘இவர்கள் தங்குவார்களா, போவார்களா, உண்மை சொல்கிறார்களா’ என்று கேட்டுவிட்டு வலையை இழுக்கவில்லை. கேள்விகள் வருவதற்கு முந்திய அந்த நேரத்தில் ஒரு மனிதர் என்ன செய்கிறார் என்பது அவரைப் பற்றிய உண்மையான செய்தி. குறுகிய நேரம் தங்குபவர் சாட்சி சொல்லக்கூடியது அதற்குத்தான். அந்தச் சாட்சியத்தில் பொய்யில்லை.

ஆனால் அது அந்த நேரத்துக்கு மட்டுமான சாட்சியம். ஒரு நாடு நீதியானதா என்பதை விமானி அறியமாட்டார். அதை அறிய வரிசையில் நின்றிருக்க வேண்டும். வாடகை வீடு தேடி, பெயரைப் பார்த்ததும் வேலைக்கு அழைக்காதவர்களைச் சந்தித்து, ஒரு கடிதத்துக்காக வருடக்கணக்கில் காத்திருந்திருக்க வேண்டும். கருணை மனிதரிடம் இருக்கிறது. உரிமை அமைப்பிடம் இருக்கிறது. 1985இல் கனடிய உச்ச நீதிமன்றம் ‘சிங்’ வழக்கில், இந்த மண்ணில் நிற்கும் அகதிக் கோரிக்கையாளருக்கும் உரிமைப் பட்டயத்தின் பாதுகாப்பு உண்டு, அவருடைய வாயால் சொல்லக் கேட்காமல் மறுக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு கரைசேர்ந்த 155 பேருக்கு டால்டனின் கையும் வேண்டியிருந்தது, இப்படியொரு தீர்ப்பு எழுதிய நாடும் வேண்டியிருந்தது. கை இல்லாவிட்டால் கடல். தீர்ப்பு இல்லாவிட்டால் மீனவரின் நல்ல மனத்தை நம்பி ஒருவர் ஆயுள் முழுக்க விருந்தாளியாகவே வாழ வேண்டியிருக்கும்.

இப்போது ரொறன்ரோவுக்கு வருவோம். 2023 ஜூலையில் பீட்டர் வீதியில், நகரசபையின் தங்குமிட உதவி அலுவலகத்துக்கு வெளியே, பெரும்பாலும் ஆபிரிக்க நாடுகளிலிருந்து வந்த அகதிக் கோரிக்கையாளர்கள் நடைபாதையில் படுத்திருந்தார்கள். செலவு யாருடையது என்று நகரசபையும் மத்திய அரசும் வாதாடிக்கொண்டிருந்தன. கறுப்பினத் தேவாலயங்கள் சில கதவைத் திறந்து ஏற்றுக்கொண்டன. அந்த வீதியிலிருந்து விமானப் பணியாளர்கள் தங்கும் நகர்மைய ஹொட்டேல்கள் நடைதூரம். அந்த வாரம் இங்கே ஓரிரவு தங்கிய ஒரு விமானி ஊருக்குப் போய் ரொறன்ரோவைப் பற்றி என்ன சொல்லியிருப்பார்? எந்தத் தெருவால் நடந்தார் என்பதைப் பொறுத்தது.

ஆனால் இந்த முறை நாங்கள் விமானியின் பக்கத்தில் இல்லை. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் வீடு வாங்கி, வரி கட்டி, வாக்களிக்கும் நாங்கள்தான் அந்த நகரம். “நாங்கள் கஷ்டப்பட்டு வந்தனாங்கள், இவையள் சும்மா வருகினம்” என்ற பேச்சு நம் கொண்டாட்டங்களில் கேட்கிறது. படகில் வந்தவர்களைப் பற்றி 1986இல் இங்கே பேசியவர்களும் கிட்டத்தட்ட இதைத்தான் பேசினார்கள். டால்டனுக்கு நன்றி சொல்ல 2016இல் நம்மவர்கள் நியூபவுண்ட்லாந்துக்குப் போனார்கள், நல்ல காரியம். ஆனால் அந்த நன்றியை அவரிடமே கொடுத்துத் தீர்த்துவிட முடியாது. விருந்தோம்பல் அதிகாரத்து வீட்டுக்காரர் வந்தவரை வழியனுப்பிவிட்டு அடுத்தவர் வருகிறாரா என்று வாசலைப் பார்க்கிறார். நம் பங்கும் அந்த வாசலில்தான் இருக்கிறது.

அதில் சோறு கொடுப்பது பாதி. அடுத்த நகரசபைத் தேர்தலில் நம் கதவைத் தட்டும் வேட்பாளரிடம், தமிழ்ப் பூங்காவும் தமிழ்த் தெருப்பெயரும் கேட்கும் அதே மூச்சில், பீட்டர் வீதியில் படுத்திருந்தவர்களுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்பது மற்றப் பாதி.