உபாத்தியாயரும் ஒழுக்க நியமமும்

ஆசிரியத் தொழிலுக்கு எழுதிவைத்த ஒழுக்க நியமங்கள் வேண்டுமா என்ற கேள்வி எழும்போதெல்லாம், நல்ல உபாத்தியாயருக்கு அவை அநாவசியம், கெட்டவருக்கு அவற்றால் பிரயோஜனமில்லை என்று விவாதத்தை முடித்துவிடுவோர் உண்டு. ஆசிரியர்களில் பெரும்பாலோர் இவ்விரு வகையிலும் சேராமல், நல்லெண்ணமும் பலவீனமும் கலந்த சாதாரண மனிதர்களாகவே இருக்கிறார்கள் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை.

டியூஷன் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். பகலில் வகுப்பில் கூட்டுவட்டிக் கணக்கொன்றைப் பாதிவரை போட்டுக் காட்டிவிட்டு, மிச்சத்தைச் சாயங்காலம் தம் வீட்டுக் கூடத்தில் பணம் கட்டி வந்து உட்காரும் பிள்ளைகளுக்கென்று நிறுத்திவைக்கும் ஆசிரியருக்காகப் பரிந்து பேசவும் இடமிருக்கிறது: சம்பளம் போதாத குடும்பஸ்தர், ஓய்வு நேரத்தில் உழைக்கிறார். ஆனால், பணம் கட்ட வழியில்லாமல், கரும்பலகையில் பாதியில் நின்ற அந்தக் கணக்கை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டு வீடு திரும்பும் மாணவனின் பக்கம் நின்று பார்த்தால், விலைக்குப் போனது ஆசிரியரின் ஓய்வு நேரமன்று, அவனுக்கு ஏற்கெனவே உரியதாயிருந்த பாடம் என்பது விளங்கும். பரீட்சையில் இவன் விடைத்தாளையும் டியூஷன் பிள்ளையின் விடைத்தாளையும் திருத்துவது அதே கைதான்.

அவாவையும் வஞ்சத்தையும் ஆசிரியராகாதவரின் இலக்கணமாக நன்னூல் 13ஆம் நூற்றாண்டிலேயே வகுத்துவிட்டது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, எந்த ஆசிரியரும் டியூஷன் நடத்தக்கூடாது என்று ஒரே வாக்கியத்தில் விலக்கியது. இருந்தும் டியூஷன் ஒழியவில்லை. மேலிருந்து வரும் தடை அதிகாரியிடம் பயத்தை உண்டாக்கும். சக ஆசிரியரின் முன் வெட்கத்தை உண்டாக்காது. 1966இல் யுனெஸ்கோவும் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனமும் சேர்ந்து வெளியிட்ட சிபாரிசு, ஒழுக்க நியமங்களை ஆசிரியர் சங்கங்களே வகுக்கவேண்டும் என்றது இந்தக் காரணத்தால் மிகவும் பொருத்தமானது. குடும்பம் கௌரவமாக வாழப் போதிய ஊதியத்தையும் அதே சிபாரிசு கோருகிறது. ஊதியம் குறைந்தால் நியமம் தளரலாம் என்று இதற்கு அர்த்தம் செய்வது, பிறர் செய்த அநீதிக்கான தண்டனையை மாணவன் தலையில் சுமத்துவதாகும்.

சங்கமே வகுத்த நியமத்துக்கு இன்னொரு பலமும் உண்டு. நிர்வாகிக்கு வேண்டிய பிள்ளைக்குச் செய்முறைத் தேர்வில் நாலு மதிப்பெண் கூட்டிப் போடச் சொல்லும்போது, வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத ஆசிரியை, தன் மனச்சாட்சியை மட்டும் நம்பித் தனியே நின்று மறுக்கவேண்டியதில்லை. எங்கள் தொழிலில் இதற்கு இடமில்லை என்று சொல்லலாம், அப்படிச் சொன்னதற்காக அவள் பழிவாங்கப்பட்டால் சங்கம் வழக்காடலாம். ஊதியக் குழுவைப் பற்றிப் பேசுவதற்கென்று நாள் முழுதும் கூடும் சங்கங்கள், இதைப் பேசவும் ஒரு நாள் கூடவேண்டும்.