நட்டவை எத்தனை, நின்றவை எத்தனை?

புத்தளம் மாவட்டக் கரையில் இறால் பண்ணைக்காரர்கள் கண்டல் காட்டை வெட்டித் தள்ளியது ஊரறிந்த கதை. அதே கரையில், சிலாபத்தை அடுத்த பம்பலவில், சுதீச என்ற சிறு மீனவர் அமைப்பு பெண்களுக்குக் கடனும் தொழிற்பயிற்சியும் கொடுத்தது. பதிலுக்குக் கண்டலைக் காக்கும் பொறுப்பை அவர்கள் ஏற்றார்கள். 2015இல் அமெரிக்காவின் சீகோலொஜி என்ற சூழல் அமைப்பும் இலங்கை அரசும் கைகோத்து அந்த ஏற்பாட்டை நாடெங்கும் கொண்டுபோக முன்வந்தன. 1,500 கிராமங்கள், 15,000 பெண்கள், 34 இலட்சம் டொலர்.

பரவட்டும். பம்பலப் பெண்ணுக்குக் கிடைத்தது கற்பிட்டிப் பெண்ணுக்குக் கிடைக்கக் கூடாதென்று சொல்ல எவருக்கும் நியாயமில்லை. சிறிதாக இருந்தால்தான் தூய்மை கெடாது என்பது, ஏற்கெனவே பயன் பெற்றவர் பேசும் பேச்சு.

ஆனால் பரவுவது எது? எண்ணிக்கை மட்டும் பரவியதை முன்பே பார்த்திருக்கிறோம். சுனாமிக்குப் பின் இலங்கைக் கரைகளில் ஆளாளுக்குக் கண்டல் நட்டார்கள். அப்படிப்பட்ட 23 இடங்களைப் பார்த்த ஆய்வொன்று 2017இல் வந்தது. நட்ட பரப்பு 1,000 முதல் 1,200 ஹெக்டேயர். தேறியது 200 முதல் 220. ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. தண்ணீர் ஏறி இறங்கும் மட்டம் பாராமல் நட்டிருந்தார்கள். மாடு மேய்ந்தது. நட்டவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. படம் மட்டும் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள்! நேர்த்திக்கடனைக் கேலி செய்யும் நாமே, காசைக் கொடுத்ததும் கடமை தீர்ந்ததென்று நம்புகிறோம்.

கன்று பட்டுப்போனால் சேற்றோடு போயிற்று. கடன் அப்படியல்ல, வீட்டுக்கு வரும். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் நுண்கடனை அரசே தள்ளுபடி செய்ய நேர்ந்தது. அவை பெரும்பாலும் இலாபத்துக்காக இயங்கிய கம்பனிகளின் கடன். சுதீசவின் ஏற்பாடு வேறு. ஆனாலும் ஓர் ஊரில் கைகொடுத்த கடன், சந்தையும் களப்பும் வேறான இன்னோர் ஊரில் கழுத்தை நெரிக்கலாம். அதைச் சோதிக்காமல் நீட்டியவர் ‘நல்ல மனதோடுதான் செய்தேன்’ என்றால், தவணை கட்ட முடியாதவளுக்கு அதனால் என்ன லாபம்?

எனவே நன்கொடையாளருக்கு ஒரு கேள்வி. 1,501ஆவது கிராமத்துக்கு என்று எடுத்துவைத்த பணத்தை, முதல் நூறு கிராமங்களின் சேற்றில் இறங்கி உயிரோடு நிற்பதை எண்ணுகிறவருக்குச் சம்பளமாகத் தருவீர்களா? ஐந்து ஆண்டு கழித்து, பிழைத்த இடங்களோடு பொய்த்த இடங்களின் பெயரையும் அச்சிடுவீர்களா? அந்தச் செலவுக்குத் திறப்புவிழா கிடையாது, பெயர்ப்பலகையும் கிடையாது.