பதவியும் பொறுமையும்

ஒருவனுக்கு ஒரு தொழிலில் சாமர்த்தியம் உண்டு என்று கண்டுகொண்டால், அதற்குப் பரிசாக அவனை அந்தத் தொழிலையே செய்ய வேண்டாத ஓர் ஆசனத்தில் ஏற்றி உட்கார்த்திவிடுவது எல்லாத் தேசங்களிலும் உள்ள விசித்திரமான வழக்கம். நன்றாகப் பாடம் சொன்னவர் தலைமையாசிரியராகிக் கோப்புகளோடு காலம் கழிக்கிறார். கைராசிக்காரர் என்று பெயர் எடுத்த வைத்தியர் நிர்வாகியாகி ஆஸ்பத்திரிக் கட்டில்களைக் கணக்கெடுக்கிறார். பல வருஷங்கள் கணிதம் கற்பித்துவிட்டு, வட இங்கிலாந்தில் பழைய பஞ்சாலை நகரம் ஒன்றிலுள்ள கல்லூரிக்குத் துணை முதல்வராக வந்து சேர்ந்த எனக்கும் இதே கதிதான். தனி அறை கிடைத்தது. பெரிய மேசை கிடைத்தது. இனி நான் இங்கே செய்ய வேண்டியதுதான் என்ன என்ற கேள்வியும் அவற்றோடு சேர்ந்தே கிடைத்தது.

இந்த வகைக் கல்லூரி, பள்ளியும் அன்று, பல்கலைக்கழகமும் அன்று. 16 வயதில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் குழாய் பொருத்தவும், மின்கம்பி இழுக்கவும், முடி திருத்தவும், குழந்தைகளைப் பராமரிக்கவும் கற்றுக்கொள்வது இங்கேதான். வேறு தேசங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள், பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு, மாலையில் ஆங்கிலம் பயில வருவதும் இங்கேதான். 1823இல் ஜார்ஜ் பர்க்பெக் முதலியோர் லண்டனில் தொழிலாளருக்கென்று ஒரு கல்விக்கழகத்தை நிறுவிய காலத்திலிருந்து, உழைக்கிற கைக்கும் கல்வி வேண்டும் என்ற அந்த எண்ணம் பல உருவங்கள் எடுத்து வந்திருக்கிறது. உள்ளாட்சி மன்றங்களின் பொறுப்பில் இருந்த கல்லூரிகள் 1993 ஏப்ரல் முதல் தேதியன்று தனித்தனி ஸ்தாபனங்களாயின. 2022 நவம்பரில் அவை மறுபடியும் அரசுத் துறையைச் சேர்ந்தவையாகக் கணக்கில் எழுதப்பட்டன. இத்தனை மாற்றங்களையும், ஒவ்வொரு மாற்றத்தோடும் வந்து போன நிர்வாகிகளையும் பார்த்துச் சலித்த ஆசிரியர்கள், புதிதாக வருகிறவனை மரியாதையோடும், அந்த மரியாதைக்குள் மறைந்த சிறிது சந்தேகத்தோடும் நோக்கினால் அதில் வியப்பு என்ன?

புதியவனுடைய மனமோ வேறு விதமாக ஓடுகிறது. வந்த சுருக்கிலேயே எதையாவது மாற்றிக் காட்டினாலன்றித் தன் நியமனத்துக்கு நியாயம் இராது என்று அது நினைக்கிறது. கால அட்டவணையைத் திருத்தலாமா, இரண்டு துறைகளை ஒன்றாக்கலாமா, ஒரு புதுப் படிவத்தையாவது புகுத்தலாமா என்று அது துடிக்கிறது. இந்தத் துடிப்பில் தொண்டு செய்யும் ஆவல் பாதி. மீதிப் பாதி, தன்னைப் பிறர் கவனிக்க வேண்டும் என்ற ஆவலே. இரண்டும் ஒரே வேஷத்தில் வருவதால், எது எது என்று பிரித்தறிவது அவ்வளவு சுலபமன்று.

அதைப் பிரித்தறியும் வழியை நான் கண்டது கொத்து வேலை கற்பிக்கும் பட்டறையில். அங்கே பையன்கள் சுவர் எழுப்புகிறார்கள், மூலை திருப்புகிறார்கள், ஆசிரியர் ரசமட்டம் வைத்துப் பார்க்கிறார், பார்த்து முடிந்ததும் அவர்களே அதை இடித்து, செங்கற்களைச் சுரண்டித் துடைத்து அடுக்கிவிடுகிறார்கள். கலவையில் சிமென்ட் கிடையாது, சுண்ணாம்பும் மணலும்தான். சிமென்ட் கல்லை விடாமல் பிடித்துக்கொண்டால் நாளைய பாடத்துக்குக் கல் ஏது? முப்பது ஆண்டுகளுக்கு மேல் சாரத்தில் நின்றுவிட்டு, நடுவயதைக் கடந்தபின் கற்பிக்க வந்த ஆசிரியர் அவர். ஒரு பையனின் வரிசை மெல்லச் சாய்ந்துகொண்டு போவதை, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்தபடி, பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "கரணையை நான் வாங்கினால் சுவர் நேராகிவிடும்; ஆனால் அது என் சுவர் ஆகிவிடும். சுவர் கட்ட எனக்குத் தெரியும் என்பது எல்லாருக்கும் தெரியுமே" என்றார். சற்று நேரத்தில் பையனே ரசமட்டத்தை எடுத்து வைத்துப் பார்த்தான், முகம் சுளித்தான், மேல் இரண்டு வரிசைகளைப் பிரித்தான்.

பதவியில் அமர்ந்தவனுக்கு இதைக்காட்டிலும் சிறந்த உபதேசம் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தன் சாமர்த்தியத்தை மறுபடி மறுபடி நிரூபிக்க வேண்டிய அவசியம் தனக்கு இல்லை என்று உணர்ந்தவனே பிறருடைய சாமர்த்தியம் வளர இடம் விடுகிறான்.

கணித வகுப்பில் பின்வரிசையில் அமர்ந்தபோது இந்த உபதேசம் சோதனைக்கு உள்ளாயிற்று. பள்ளி இறுதித் தேர்வில் ஆங்கிலத்திலும் கணிதத்திலும் குறிப்பிட்ட தரத்தை எட்டாதவர்கள், கல்லூரிக்கு வந்த பின்னும் அந்தப் பாடங்களை மறுபடி படித்தாக வேண்டும் என்ற விதி 2014இலிருந்து இங்கிலாந்தில் நடப்பில் உள்ளது. தோற்ற பாடத்தை எதிர்கொள்ளும் அந்தப் பிள்ளைகளின் முகம் எனக்குப் பழகிய முகம். ஆசிரியை பெருக்கலை வெகு நிதானமாக எடுத்துச் சென்றார், இதைவிடக் குறுக்கு வழி எனக்குத் தெரியும் என்று மனம் எழுந்து நின்றது, நான் எழுந்திருக்கவில்லை. அவர் கொத்து வேலைப் பையன் ஒருவனிடம், நான்கு வரிசை எழுப்பினால் சுவர் எவ்வளவு உயரம் என்று கேட்டார். இந்த நாட்டுச் செங்கல்லின் உயரம் 65 மில்லிமீட்டர்; இடையில் சாந்து 10. "75, 150, 225, 300" என்று விரல் மடக்காமல் சொன்னான், வாய்ப்பாடு வராது என்று பள்ளிக்கூடம் எழுதிவைத்த அந்தப் பையன். என் குறுக்கு வழி எவ்வளவு சுருக்கமானதாக இருந்தாலும் அவனுடைய பட்டறை வழியாகப் போயிராது.

அப்படியானால் தலைவன் என்பவன் வேடிக்கை பார்ப்பவன்தானா என்று கேட்கலாம். அல்லன். பையன் வெட்டு இயந்திரத்தருகே கண்ணாடி அணியாமல் குனிந்தால் அதே கொத்தாசிரியர் ஒரே பாய்ச்சலில் அவனைப் பிடித்து இழுத்துவிடுவார். அங்கே பொறுமைக்கு வேலையில்லை. ஆசிரியர் ஒருவர் பொறுக்க முடியாத சுமையால் நோய்வாய்ப்படும்போதும், மானியம் குறைந்து மாலை வகுப்புகளை மூடலாமென்ற பேச்சு எழும்போதும், நிர்வாகி தலையிட்டே தீர வேண்டும். அப்போது மௌனம் சாதிப்பதற்குப் பொறுமை என்று பெயர் சூட்டுவது கோழைத்தனம். சாய்கிற சுவரால் ஒருவனுக்குப் பாடம் கிடைக்குமா, காயம் கிடைக்குமா என்பதே தலையிடுவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. அதற்கு விடை நியமன உத்தரவில் இராது. பட்டறையிலும் வகுப்பிலும் நாள்தோறும் நின்று, யாருடைய கை எவ்வளவு தேர்ந்தது என்று அறிந்தவனுக்கே அது கிட்டும். ஆகையால் ஒரு பதவியில் ஊன்றுவதற்கு அவசரப்பட வேண்டியதில்லை என்பதே என் இப்போதைய அபிப்பிராயம்: அதிகாரம் முதல் நாளிலேயே கிடைத்துவிடுகிறது, அதைப் பிரயோகிக்கும் யோக்கியதையைத்தான் நின்று சம்பாதிக்க வேண்டியிருக்கிறது.