தப்பியோடுதலும் தன்னை அளித்தலும்

அடிமைத்தனத்தை எதிர்த்து மனிதன் போராடியதை வரலாறு விரிவாகப் பேசுகிறது. போராடிப் பெற்ற சுதந்திரத்தை அவனே மனமுவந்து மற்றொருவர் காலடியில் வைத்துவிட்ட நிகழ்ச்சிகளும் அதே வரலாற்றில் உண்டு. அவற்றை ஆராய்வது எளிதல்ல. ஏனெனில் அங்கே பறித்தவன் ஒருவன், பறிகொடுத்தவன் ஒருவன் என்று பிரித்துப் பார்க்க முடிவதில்லை.

1932 ஜூலையில் ஜெர்மனியில் நடைபெற்ற பொதுத்தேர்தலில் ஹிட்லரின் நாஜிக் கட்சி 37 சதவீதத்துக்கும் அதிகமான வாக்குகளைப் பெற்று நாடாளுமன்றத்தின் மிகப் பெரிய கட்சியாயிற்று. 1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். அவருக்கு வாக்களித்தவர்கள் கல்வியறிவற்றவர்கள் அல்லர். தத்துவத்திலும் இசையிலும் அறிவியலிலும் உலகமே வியந்த ஒரு நாட்டின் மக்கள் அவர்கள். முடியாட்சி வீழ்ந்து, அங்கே குடியரசு தோன்றி 14 ஆண்டுகளே ஆகியிருந்தன. கைக்கு எட்டிய சுதந்திரத்தை இத்தனை பேர் ஏன் இவ்வளவு எளிதாகக் கைவிட்டனர்?

வேலையின்மை, பணவீக்கம், போரில் தோற்ற அவமானம் என்று பல காரணங்கள் கூறப்படுகின்றன. அவை உண்மையே. ஆனால் புறக் காரணங்கள் மட்டுமே போதுமா? மனிதனின் உள்ளேயே சுதந்திரத்தைக் கண்டு அஞ்சும் ஏதோ ஒன்று இருக்கிறதா? இந்தக் கேள்வியைத் தம் வாழ்நாள் பணியாகக் கொண்டவர் எரிக் ஃபிராம் என்ற உளப்பகுப்பாய்வு அறிஞர்.

பகைமை நடுவே ஒரு குரல்

ஃபிராம் 1900 மார்ச் 23-ஆம் நாள் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில், சமயநெறி வழுவாத ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். முதல் உலகப் போர் தொடங்கியபோது அவருக்கு வயது 14. நேற்றுவரை இயல்பாகப் பழகிய மனிதர்கள் ஒரே இரவில் வெறுப்பின் வடிவங்களாக மாறியது அந்தச் சிறுவனைத் திகைக்க வைத்தது.

அவரது ஆங்கில ஆசிரியர், கோடை விடுமுறைக்கு முன்பு பிரிட்டிஷ் தேசிய கீதத்தை மனப்பாடம் செய்து வரும்படி மாணவர்களுக்குக் கூறியிருந்தார். விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது போர் தொடங்கியிருந்தது. பகைவனின் கீதத்தைக் கற்க மாட்டோம் என்று மாணவர்கள் மறுத்தனர். ஆசிரியரோ கோபம் கொள்ளவில்லை. வீண் கனவில் மயங்க வேண்டாம் என்றும், இங்கிலாந்து இதுவரை எந்தப் போரிலும் தோற்றதில்லை என்றும் அமைதியாகச் சொன்னார். வெறியின் நடுவே ஒலித்த நிதானமான அந்தக் குரலை ஃபிராம் முதுமையிலும் மறக்கவில்லை. ஊரெல்லாம் ஒரே சொல்லைக் கூவும்போது ஒரு மனிதனால் மட்டும் தன் அறிவோடு நிற்க முடிகிறதே, அது எப்படி என்ற வினா அவருள் விதையாக விழுந்தது.

பின்னர் அவர் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் சமூகவியலில் முனைவர் பட்டம் பெற்று, உளப்பகுப்பாய்வும் பயின்றார். 1929-இல் தொடங்கிய ஓர் ஆய்வில் அவரும் அவரது குழுவினரும் ஜெர்மானியத் தொழிலாளர்களுக்கும் ஊழியர்களுக்கும் 3,300 வினாப்பட்டியல்களை அனுப்பினர். 1,100 பேர் விடை எழுதினர். அரசியல் கேள்விகளுக்குச் சமத்துவம் பேசியவர்களுள் பலர், குழந்தை வளர்ப்பு, பெண்களின் நிலை போன்றவை குறித்த கேள்விகளுக்கு அதிகாரத்தை விரும்பும் மனத்துடனேயே விடை அளித்திருந்தனர். உதடுகள் விடுதலையைப் பாட, உள்ளம் ஓர் எஜமானனைத் தேடிக்கொண்டிருந்தது. 1934-இல் அமெரிக்காவில் குடியேறிய ஃபிராம், 1941-இல் வெளியிட்ட ‘சுதந்திரத்திலிருந்து தப்பியோடுதல்’ என்ற நூலில் இந்த முரண்பாட்டை ஆராய்ந்தார்.

இருவகைச் சுதந்திரம்

சுதந்திரத்துக்கு இரு முகங்கள் உண்டு என்பது ஃபிராமின் அடிப்படைக் கருத்து. ஒன்று, தளைகளிலிருந்து விடுபடுதல். மற்றொன்று, விடுபட்ட ஆற்றலைக் கொண்டு வாழ்வை ஆக்கபூர்வமாக வாழ்தல். முதலாவதை வரலாறு தரலாம், சட்டம் தரலாம். இரண்டாவதை ஒவ்வொருவரும் தாமே வளர்த்துக்கொள்ள வேண்டும்.

இடைக்கால ஐரோப்பாவில் மனிதன் சுதந்திரமாக இல்லை. ஆனால் அவன் தனியாகவும் இல்லை. குலம், தொழில், திருச்சபை ஆகியவை அவனைக் கட்டின, தாங்கவும் செய்தன. புதிய பொருளாதாரமும் சமயச் சீர்திருத்தமும் அந்தக் கட்டுகளை அவிழ்த்தபோது, அவன் முதன்முறையாகத் தன் காலில் நின்றான். நின்றவுடன் நடுங்கினான். நான் யார், எதற்காக வாழ்கிறேன், என் முடிவுகளுக்கு யார் பொறுப்பு என்ற கேள்விகள் அவன்மீது விழுந்தன. இரண்டாவது சுதந்திரம் வளராத இடத்தில் முதலாவது சுதந்திரம் தாங்க முடியாத தனிமையாகிவிடுகிறது.

அந்தத் தனிமையிலிருந்து தப்ப மனிதன் மூன்று வழிகளை நாடுகிறான் என்கிறார் ஃபிராம். முதலாவது, தன்னைவிட வலிய ஒருவரிடம் தன்னை ஒப்படைத்துவிடுவது, அல்லது தன்னைவிட எளிய ஒருவரை அடக்கி ஆள்வது. இரண்டும் ஒரே நோயின் இரு அறிகுறிகள். அடக்குபவனும் அடங்குபவனும் தனித்து நிற்க இயலாதவர்களே. இரண்டாவது, தன்னை அச்சுறுத்தும் உலகை அழித்துவிட முயல்வது. மூன்றாவது வழியில் இரத்தம் சிந்துவதில்லை. ஆகவே அது கண்ணில் படுவதும் இல்லை. எல்லோரும் நினைப்பதையே நினைத்து, எல்லோரும் விரும்புவதையே விரும்பி, கூட்டத்தில் கரைந்துவிடுவதே அது. இவ்வாறு வாழ்பவன் தன்னைச் சுதந்திர மனிதன் என்றே நம்புகிறான். தன் கருத்துகள் எங்கிருந்து வந்தன என்று அவன் ஒருநாளும் விசாரித்ததில்லை.

இன்று கைப்பேசித் திரை ஒரு நாளில் எத்தனை விருப்பங்களை மனிதனுள் விதைக்கிறது! மற்றவர் இட்ட விருப்பக் குறிகளை எண்ணித் தன் மதிப்பை அளந்துகொள்ளும் இளைஞனைக் காணும்போது, ஃபிராம் கூறிய மூன்றாவது வழி இன்னும் அகலமாகியிருப்பது விளங்கும்.

சந்தையில் மனிதன்

ஃபிராம் தம் கொள்ளுத்தாத்தாவைப் பற்றி ஒரு செய்தி கூறுவதுண்டு. அவர் சிறு கடை ஒன்றை நடத்தி வந்தார். ஆனால் நாள் முழுவதும் மறைநூலிலேயே மூழ்கியிருப்பார். வாடிக்கையாளர் யாரேனும் வந்துவிட்டால், உங்களுக்கு வேறு கடையே கிடைக்கவில்லையா என்று சலித்துக்கொள்வாராம். அத்தகைய குடும்பச் சூழலில் வளர்ந்தவருக்கு, பொருள் ஈட்டுவதையே வாழ்வின் நோக்கமாகக் கொண்ட நவீன உலகம் விசித்திரமாகவே தோன்றியது.

இவ்வுலகில் மனிதன் பொருளை மட்டும் விற்பதில்லை; தன்னையும் விற்கிறான். தன் பட்டம், தோற்றம், புன்னகை, பேச்சுத்திறன் ஆகியவற்றை நல்ல விலைக்குப் போகும் சரக்காகக் கருதுகிறான். அன்பிலும் இந்தக் கணக்கு நுழைந்துவிடுகிறது. திருமண விளம்பரங்களில் ஊதியமும் நிறமும் உயரமும் வரிசையாக அச்சாகின்றன. தன் கையிருப்புக்கு ஏற்ற மிகச் சிறந்த சரக்கு கிடைத்துவிட்டது என்ற நிறைவை இருவர் அன்பு என்று எண்ணிக்கொள்கின்றனர்.

அன்பு ஒரு கலை

1956-இல் வெளிவந்த ‘அன்பு செலுத்தும் கலை’ என்ற சிறு நூலில் ஃபிராம் இதற்கு மாற்று கூறினார். பிறர் தன்னை நேசிக்க வேண்டும் என்றே ஒவ்வொருவரும் கவலைப்படுகின்றனர். தனக்கு நேசிக்கத் தெரியுமா என்று கேட்பவர் அரியர். இசையையும் மருத்துவத்தையும் போல அன்பும் கற்க வேண்டிய கலை. அதற்கு ஒழுங்கு வேண்டும், மன ஒருமைப்பாடு வேண்டும், பொறுமை வேண்டும், வேறெதையும்விட அதுவே முக்கியம் என்ற உறுதி வேண்டும்.

அன்பில் நான்கு அம்சங்கள் உண்டு என்றார் அவர்: அக்கறை, பொறுப்பு, மரியாதை, அறிதல். இவற்றுள் மரியாதையே பெரும்பாலும் மறக்கப்படுகிறது. மரியாதை என்பது அஞ்சி ஒதுங்குதல் அன்று. மற்றவரை அவர் உள்ளபடி கண்டு, அவர் தம் வழியில் வளர இடம் தருவது.

மகனுக்காகத் தன் உடல், பொருள் அனைத்தையும் செலவிட்ட ஒரு தந்தையை எண்ணிப் பார்க்கலாம். மகன் படிக்க வேண்டிய படிப்பையும், ஏற்க வேண்டிய வேலையையும், பழக வேண்டிய நண்பர்களையும் அவரே தீர்மானித்தார். முப்பது வயதிலும் அந்த மகனால் தந்தையைக் கேட்காமல் எந்த முடிவும் எடுக்க முடியவில்லை. அக்கறை இருந்தது, பொறுப்பு இருந்தது. மரியாதை இல்லாததால் அவை இரண்டும் விலங்குகளாயின. தந்தைக்கு ஆள ஒருவன் தேவை. மகனுக்கு ஆட்பட ஒருவர் தேவை. இருவரும் அதை அன்பு என்றே அழைக்கின்றனர்.

மறதி நோயால் தன்னை யாரென்றே அறியாத தாயைப் பேணும் மகள் ஒருத்தியையும் எண்ணிப் பார்க்கலாம். அவளுக்கு நன்றியும் கிடைப்பதில்லை, அடையாளம்கூடக் கிடைப்பதில்லை. ஆயினும் அவள் நாள்தோறும் தாயின் தலைவாரிப் பொட்டிடுகிறாள். இது ஊரார் பேச்சுக்கு அஞ்சிச் செய்யும் கடமையானால், ஓராண்டில் அவள் உள்ளம் கசந்துவிடும். தன் நிறைவிலிருந்து தருவதானால், தருவதிலேயே அவள் உயிர்ப்புடன் இருப்பாள். அவளுக்கும் ஓய்வு வேண்டும், உறக்கம் வேண்டும். அவற்றை நாடுவது சுயநலம் ஆகாது. தன்னை நேசிப்பதும் சுயநலமும் ஒன்றல்ல, எதிரெதிரானவை என்பது ஃபிராமின் கருத்து. சுயநலம் கொண்டவன் தன்னை நேசிக்க இயலாமல் உள்ளே வெறுமையாக இருப்பதால்தான் பிறரிடமிருந்து பறித்துக்கொண்டே இருக்கிறான்.

சரணடைதல் எது?

ஆன்மிக நாட்டம் உடையவர் மனத்தில் இங்கே ஒரு கூர்மையான ஐயம் எழக்கூடும். வலிய ஒருவரிடம் தன்னை ஒப்படைப்பது தப்பியோடுதல் என்றால், இறைவனிடம் சரணடைவதும், குருவின் சொல்லுக்குக் கட்டுப்படுவதும் அதே பலவீனந்தானா?

1950-இல் வெளிவந்த ‘உளப்பகுப்பாய்வும் சமயமும்’ என்ற நூலில் ஃபிராம் இதை நேரடியாக எதிர்கொண்டார். அவர் இளமையிலேயே சமயச் சடங்குகளை விட்டவர். தனிக் கடவுள் கொள்கையை ஏற்காதவர். ஆயினும் சமயத்தை அவர் மாயை என்று ஒதுக்கவில்லை. ஒருவருக்குச் சமயம் இருக்கிறதா இல்லையா என்பதைவிட, அது எத்தகைய சமயம் என்பதே அவருக்கு முக்கியம். மனிதனைச் சிறுமைப்படுத்தி, அச்சத்தால் பணியவைப்பது ஒருவகை. மனிதனுள் இருக்கும் அறிவையும் அன்பையும் மலரச் செய்வது மற்றொரு வகை. ஒரே சமயத்துக்குள்ளேயே, ஒரே வழிபாட்டிலேயே இரண்டும் இருக்கக்கூடும்.

இவ்வேறுபாட்டைக் கொண்டு மேற்கண்ட ஐயத்துக்கு விடை காணலாம். தன்னிடம் உள்ளதைத்தான் ஒருவர் பிறருக்குத் தர முடியும். தன்னைத் தான் பெற்றிராதவன், தன்னை யாருக்கு எப்படி அளிப்பான்? முடிவெடுக்க அஞ்சி, பொறுப்பைச் சுமக்கக் கூசி, ஒரு பெரியவரின் நிழலில் ஒதுங்குபவன் ஒளிந்துகொள்கிறான், சரணடையவில்லை. தன் அறிவைத் தீட்டி, தன் ஆசைகளை அறிந்து, தன் செயல்களுக்குத் தானே பொறுப்பேற்று, அதன்பின் தன்னைவிடப் பெரிதான ஒன்றுக்குத் தன்னைத் தருபவன்தான் உண்மையில் தருகிறான். வெளியே இருவரின் கைகளும் ஒரே மாதிரிதான் குவிகின்றன. உள்ளே ஒன்று தப்பியோடுதல், மற்றொன்று தன்னை அளித்தல்.

இரண்டையும் பிரித்தறிய அடையாளங்கள் இல்லாமல் இல்லை. தன் நம்பிக்கையைப் பற்றி ஒருவர் கேள்வி கேட்டால் மனத்தில் சினம் பொங்குகிறதா, சிந்தனை பிறக்கிறதா? தன் கூட்டத்தார்மீது வளரும் பாசம், வெளியே இருப்பவர்மீது வெறுப்பாக மாறுகிறதா, அவர்களையும் தழுவி விரிகிறதா? ஒருவரை மட்டும் நேசித்து மற்ற உயிர்கள்பால் பாராமுகமாக இருப்பது அன்பு அன்று, விரிந்த தன்னலமே என்று ஃபிராம் கருதினார். 1930-களின் ஜெர்மனியும் பக்தியால்தான் பொங்கியது. ஆனால் அந்தப் பக்தி கேள்வியைப் பொறுக்கவில்லை; அயலானையும் பொறுக்கவில்லை.

ஒரு மறுப்பு

ஃபிராமின் கருத்துகள் மறுப்பின்றி ஏற்கப்படவில்லை. ஒருகாலத்தில் அவருடன் ஒரே ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய ஹெர்பர்ட் மார்க்யூஸ், நோயுற்ற சமுதாயத்தில் தனிமனிதனை அன்பு செய்யச் சொல்வது, அந்தச் சமுதாயத்துக்கு அவனை இணங்கச் செய்வதாகும் என்று 1955-இல் கடுமையாக விமர்சித்தார். இந்த விமர்சனத்தைப் புறக்கணிக்க முடியாது. பசித்தவனிடமும் வேலையிழந்தவனிடமும் அன்பின் கலையை மட்டும் போதிப்பது கொடுமையாகும். ஃபிராமும் சமுதாய அமைப்பு மாறவேண்டும் என்பதை மறுக்கவில்லை. 1957-இல் அமெரிக்காவில் அணு ஆயுத எதிர்ப்பு அமைப்பு ஒன்றைத் தொடங்கியவர்களுள் அவரும் ஒருவர். ஆயினும் அவர் கண்ட ஜெர்மனி மற்றோர் உண்மையையும் கற்பித்திருந்தது. அமைப்பு மாறி, மனிதன் மாறாவிட்டால், புதிய அமைப்பிலும் அவன் பழைய எஜமானனையே தேடுவான்.

முதுமையில் ஃபிராம் நாள்தோறும் தியானம் பழகினார். ஜெர்மனியில் பிறந்து, இலங்கையின் கண்டியில் வாழ்ந்த பௌத்தத் துறவி ஞானபோனிக தேரரிடமிருந்து விழிப்புநிலைப் பயிற்சியைக் கற்றார். உலகப் புகழ் பெற்ற உளவியல் அறிஞர், மூச்சைக் கவனிக்கும் மாணவராக அமர்ந்தார். ஓர் ஆசிரியரை ஏற்றதால் அவருடைய சுதந்திரம் குறையவில்லை. 1980 மார்ச் 18-இல், தம் எண்பதாவது பிறந்தநாளுக்குச் சில நாள்கள் முன்பு, சுவிட்சர்லாந்தில் அவர் மறைந்தார்.

அவர் எழுப்பிய கேள்வி மறையவில்லை. காலையில் கைகூப்பி நிற்கும் ஒவ்வொருவரும், பிள்ளைக்காக, துணைவருக்காக, தலைவருக்காக, கொள்கைக்காகத் தன்னைத் தருவதாகச் சொல்லும் ஒவ்வொருவரும், தமக்குள்ளே அதைக் கேட்டுப் பார்க்கலாம்: இது அச்சத்தால் ஓடி வந்த இடமா, அன்பால் நடந்து வந்த இடமா? விடை உடனே கிடைக்காமல் போகலாம். கேட்கும் துணிவு பிறந்துவிட்டால், அதுவே சுதந்திரத்தின் முதல் அடி.